எரிமலைச் சரிவில் காம்பஸ் காலை வாரியபோது

நில அதிர்வுமானியின் தரவை அனுப்ப, எரிமலைச் சரிவில் ஒரு சாட்டிலைட் டெர்மினலை நிறுத்த வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் நிற்பது. ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது (திசைக்கோணம்), எவ்வளவு உயர்த்துவது (ஏற்றக்கோணம்) என்ற கணக்கு கையில் இருந்தது. காம்பஸைப் பார்த்துத் திருப்பினால் வேலை முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஒன்றரை மணி நேரம் போயிற்று. சிக்னல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கேபிளை மாற்றினேன், அணைத்துப் போட்டேன், திட்டியும் பார்த்தேன். எதேச்சையாகக் காம்பஸைத் தரையிலிருந்து தூக்கியபோது முள் சட்டென்று நகர்ந்தது. பசால்ட் என்ற எரிமலைப் பாறையில் மேக்னடைட் என்ற காந்தக் கனிமம் இருக்கும். முள்ளை இழுத்தது அதுதான். காம்பஸைப் பையில் போட்டுவிட்டு, ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டேன். ஜி.பி.எஸ். காட்டிய இடத்துக்கும் நேரத்துக்கும் சூரியனின் திசைக்கோணத்தை லேப்டாப்பில் கணக்கிட்டு, நிழலை வைத்து உண்மை வடக்கைக் குறித்தேன். அதன்படி ஆன்டெனாவைத் திருப்பியதும் சில நிமிடங்களில் இணைப்பு வந்துவிட்டது.

மறுநாள் சாம்பல் தொல்லை. சோலார் பேனலில் படிந்து பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. துணியால் துடைக்காதீர்கள், எரிமலைச் சாம்பலில் இருப்பது பொடிக் கண்ணாடி, கீறிவிடும். மென்மையான பிரஷ் போதும். பேனலையும் இன்னும் சரிவாக வைத்தேன். ஈரச் சாம்பல் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும்; கனெக்டர்களுக்கு ரப்பர் டேப் சுற்றினேன்.

அவசரத்துக்கு இரிடியம் சாட்டிலைட் போன் சட்டைப்பையிலேயே இருந்தது. அதற்குத் திசை பிடிக்கும் வேலை இல்லை, திறந்த வானம் போதும்.