சிடிசி மெஷினில் கை வைக்கும் முன்: பூட்டு, டேக், மீட்டர்

வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கத்து டீ பேக்டரிகளில் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடித்துவிட்டால் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி மெஷின் நின்றதும் யாராவது ஒருவர், "கரண்டுதான் இல்லையேண்ணே, இப்பவே ரோலரைச் சுரண்டிரலாம்" என்பார். மெயின்டனன்ஸுக்குப் புதிதாக வந்தவர்கள் இந்தப் பேச்சுக்குக் காது கொடுக்க வேண்டாம். ஜெனரேட்டர் ஆட்டோவில் இருந்தால் சில நொடிகளில் எடுத்துவிடும். ஆபரேட்டரும் லைனை ஓட்டப் பார்ப்பார். உங்கள் கை உள்ளே இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? சிடிசியில் ஒரு ரோலர் நிமிடத்துக்கு சுமார் 70 சுற்று, எதிர் ரோலர் 700 சுற்று. விரலெல்லாம் அதற்கு எம்மாத்திரம்.

முதலில் சூப்பர்வைசரிடமும் ஆபரேட்டரிடமும் சொல்லிவிட்டு, ஸ்டாப் பட்டனை அழுத்தி, ரோலர் முழுசாக நிற்கும்வரை காத்திருங்கள்.

ஸ்டாப் பட்டன், மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துவிடும் காண்டாக்டர் என்ற சுவிட்சைத்தான் விடுவிக்கும். அதன் மேல் முனையில் 415 வோல்ட் அப்படியே நிற்கும். ஆகவே பேனலில் அந்த மோட்டாருக்கான ஐசோலேட்டரை, அதாவது கரண்டை முழுசாகத் துண்டிக்கும் கைப்பிடி சுவிட்சை, ஆஃப் செய்ய வேண்டும். லைனில் மூன்று நான்கு ஜோடி ரோலர் வரிசையாக இருப்பதால், மோட்டாரில் எழுதிய எண்ணும் பேனலில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். வெளி லைன் மெயினை மட்டும் இறக்குவது பிரயோஜனமில்லை, ஜெனரேட்டர் வேறு வழியாக வந்துவிடும்.

அடுத்து பூட்டு. ஐசோலேட்டர் கைப்பிடியில் உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையிலேயே வையுங்கள். இரண்டு பேர் வேலை செய்தால் பல பூட்டு மாட்டும் கொக்கியில் இரண்டு பூட்டு. பூட்டோடு தொங்கவிடும் எச்சரிக்கை அட்டைதான் டேக்; அதில் பெயர், நேரம், காரணம் எழுதுங்கள். தமிழ், மலையாளத்தோடு இந்தியிலும் எழுதுவது நல்லது. ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பிள்ளைகள் இப்போது எல்லா ஷிஃப்டிலும் இருக்கிறார்கள். பூட்டெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனி பழக்கம் என்பவர்களுக்கு: தற்செயலாக ஆன் நிலைக்கு நகரக்கூடிய சுவிட்சைப் பூட்ட வசதி வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவிலேயே இருந்தது.

கரண்டைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரோ, மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவோ இருந்தால், அதன் மேல் எழுதியிருக்கும் நிமிடங்கள் கழியட்டும்.

இனி மீட்டர். நியான் டெஸ்டரை நம்ப வேண்டாம். எரியாவிட்டால் கரண்ட் இல்லையா, டெஸ்டர் போயிருக்கிறதா என்று தெரியாது. மீட்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு மோட்டார் பக்கம் மூன்று ஃபேஸையும் ஒன்றுக்கொன்று, ஒவ்வொன்றையும் எர்த்தோடு. திரும்பவும் கரண்ட் உள்ள இடத்தில் ஒருமுறை. கடைசியாக ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். மெஷின் அசையக்கூடாது.

வேலை முடிந்தால் கருவிகளை எண்ணி எடுத்து, பாதுகாப்பு மூடியை மாட்டி, எல்லாரையும் விலகச் சொல்லிவிட்டு, பூட்டைப் போட்டவரே திறக்க வேண்டும். ஷிஃப்ட் மாறினால் அடுத்தவர் தன் பூட்டைப் போட்ட பிறகே உங்களுடையதை எடுங்கள். மோட்டார் ஒயரைக் கழற்றியிருந்தால் ஃபேஸ் மாறி ரோலர் தலைகீழாகச் சுற்றலாம். இலை போடும் முன் ஸ்டார்ட் பட்டனை ஒரு தட்டு தட்டித் திசையைப் பார்த்துவிடுங்கள்.