வெளிநாட்டிலிருந்து வந்த இசைத்தட்டு உடைந்திருந்தால் இன்சூரன்ஸ் பணத்தை வாங்குவது எப்படி?

போன ஆவணியில் பினாங்கிலிருந்து எனக்குப் நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய 78 ஆர்.பி.எம். இசைத்தட்டுகள் பன்னிரண்டு வந்தன. அதில் ஏழு போய்விட்டன. ஐந்து துண்டு துண்டாக, இரண்டு விரிசலோடு. உடைந்த ஏழில் மூன்று எங்கள் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் படப் பாட்டுகள். ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் நடத்திய அந்த ஸ்டுடியோவில் இன்று நிற்பது முகப்பு வளைவுதான். அந்தப் படங்களின் பாட்டு கப்பலேறி மலாயா போய், எழுபது வருஷம் யாரோ வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்து, ஊர் திரும்பும் வழியில் உடைந்தது என்றால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

பணம் முழுசாக வந்தது. நான்கு மாதம் ஆயிற்று. ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்பு இங்கிலாந்திலிருந்து ஒரு கூரியரில் வந்து உடைந்த பெட்டிக்கு ஒரு காசும் வரவில்லை. அதில் செய்யாமல் விட்டது எது, இதில் செய்தது எது என்று வரிசையாக எழுதுகிறேன். தபால்தலை, பீங்கான், பொம்மைக் கார், பழைய கேமரா என்று எதைச் சேர்ப்பவருக்கும் வழி இதேதான்.

படி 1: வாங்கும்போதே மதிப்பைச் சரியாகப் போடச் சொல்லுங்கள்

பினாங்கில் விற்றவர் எழுபது வயதைத் தாண்டிய ஐயா. பெட்டி கட்டும் முன் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "தம்பி, கஸ்டம்ஸ் தாளில அம்பது வெள்ளின்னு போட்டுடவா? உங்களுக்கு வரி மிச்சமாகும்." அங்கே ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் நம்மவர்கள் சொல்வார்கள். "வேண்டாங்க ஐயா, நான் கொடுத்த விலையையே போடுங்க. இன்சூரும் அதே தொகைக்குப் பண்ணிடுங்க" என்றேன்.

நல்ல மனசோடு கேட்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். தாளில் ஐம்பது என்று இருந்தால், உடைந்த பிறகு நீங்கள் ஆயிரம் கொடுத்ததற்கு எந்த ரசீதைக் காட்டினாலும் அந்த ஐம்பதைத்தான் முன்னால் வைப்பார்கள். கஸ்டம்ஸுக்குப் பொய் சொன்ன கணக்கும் ஆகிவிடும். மதிப்பைக் கூட்டிப் போடுவதும் உதவாது. பொருளின் உண்மையான மதிப்புக்கு மேல் இன்சூர் செய்ய அஞ்சல் விதி இடம் தராது.

இன்சூரே செய்யாத பார்சலுக்கு எவ்வளவு கிடைக்கும்? உலக அஞ்சல் ஒன்றிய விதிப்படி ஒரு பார்சலுக்கு 40 எஸ்.டி.ஆர்., கூடவே கிலோவுக்கு 4.50 எஸ்.டி.ஆர். அதுதான் உச்சம். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்குப் பணம், ஒரு அமெரிக்க டாலரை விடக் கூடுதல். நான்கு கிலோ பெட்டிக்கு 58 எஸ்.டி.ஆர். வரும். பதிவுத் தபால் என்றால் 30-தான். "ரெஜிஸ்டர் பண்ணிட்டேன், பயம் இல்லை" என்று விற்பவர் சொன்னால் அது இன்சூர் அல்ல என்று எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று: மூடும் முன் பெட்டிக்குள் எப்படி அடுக்கியிருக்கிறார் என்று நாலு படம் வாங்கி வையுங்கள். "பேக்கிங் சரியில்லை" என்பதுதான் மறுப்புக் கடிதத்தில் முதலில் வரும் காரணம். மண்டியில் மாம்பழம் அடுக்குவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே எதுவும் அசையக் கூடாது. இசைத்தட்டை நெட்டுக்குத்தலாக நிறுத்தி, இருபக்கமும் விறைப்பான அட்டை கொடுத்து, பெட்டிக்குள் இன்னொரு பெட்டியாக வைக்கச் சொல்லுங்கள்.

படி 2: பெட்டியைப் பிரிக்காதீர்கள், பிரித்த பெட்டியைப் போடாதீர்கள்

இங்கிலாந்துப் பெட்டியில் நான் தோற்றது இந்த இடத்தில்தான். அன்று கையெழுத்துப் போட்டு வாங்கினேன், ஆசையாகப் பிரித்தேன், உடைந்ததைப் பார்த்து மனசு விட்டுப்போய்த் துண்டுகளை மட்டும் எடுத்து வைத்தேன். ஒரு வாரம் கழித்துக் கூரியர்காரர்கள் கேட்ட முதல் கேள்வி: வெளிப் பெட்டியின் ஆறு பக்கமும் படம் அனுப்புங்கள், ஆய்வாளர் வந்து பார்ப்பார், பெட்டியைக் கொடுங்கள். அம்மாவிடம் கேட்டேன். "அந்த அட்டைப் பெட்டியா? அன்னிக்கே வெந்நீரடுப்புக்குப் போயிருச்சே கண்ணு" என்றார். அம்மா மேல் தப்பில்லை, நான் சொல்லி வைக்கவில்லை. விண்ணப்பம் அதோடு முடிந்தது.

அவர்கள் பெட்டியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மூலை நசுங்கியிருந்தால் அடி வெளியிலிருந்து விழுந்தது என்று தெரியும். பெட்டி அப்படியே இருந்து உள்ளே மட்டும் நொறுங்கியிருந்தால் குறை பேக்கிங்கில் என்று சொல்லிவிடலாம். பெட்டியே இல்லையென்றால் இரண்டையும் நிரூபிக்க முடியாது, நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

பினாங்குப் பெட்டியைத் தபால்காரர் வாசலுக்குக் கொண்டுவந்தபோது ஒரு மூலை உள்வாங்கியிருந்தது. "அண்ணே, இன்னிக்குக் கொடுக்க வேண்டாங்க. ஆபீஸ்லயே வெச்சிருங்க, நாளைக்குக் காலையில நான் வந்து அங்கேயே பிரிச்சு வாங்கிக்கிறேன்" என்று சொன்னேன். இதற்குப் பெயர் ஓப்பன் டெலிவரி. மறுநாள் போஸ்ட்மாஸ்டர் முன்னால் எடை போட்டு, பிரித்து, உள்ளே இருந்ததைப் பட்டியல் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, தேதி முத்திரையும் குத்தி வாங்கினேன். அந்த ஒரு தாள்தான் பின்னால் எல்லாவற்றையும் நகர்த்தியது. ஆட்சேபம் எதுவும் சொல்லாமல் பெட்டியை வாங்கிக்கொண்டால், நல்ல நிலையில் ஒப்படைத்தோம் என்று அஞ்சல்துறை கணக்கை மூடிவிடலாம். சேதத்தை வாங்கும்போதே, முடியாவிட்டால் தாமதிக்காமல், எழுத்தில் சொன்னால் அவர்கள் பொறுப்பு தொடரும்.

எடை எதற்கு? பினாங்கில் போட்ட எடையும் இங்கே வந்த எடையும் ஒன்றாக இருந்தால் எதுவும் களவு போகவில்லை, இது சேதம்தான் என்று தெளிவாகிவிடும்.

கத்தி வைக்கும் முன் கஸ்டம்ஸ் டேப்பைப் படம் எடுங்கள். சென்னை அயல்நாட்டு அஞ்சலகத்தில் சோதனைக்காகப் பிரித்து மறுபடி ஒட்டியிருப்பார்கள். அந்த டேப் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, பினாங்கில் ஒட்டிய டேப் எது என்று தெரிய வேண்டும். பினாங்கு ஐயா அனுப்பிய நாலு படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்தால் அடுக்கு மாறியிருக்கிறதா என்று பார்ப்பவருக்கே புரியும்.

படத்துக்குத் தனிச் செயலி எதுவும் வேண்டாம், போனில் இருக்கும் கேமரா போதும். தேதியைப் படத்தின் மேலேயே அச்சடிக்கும் செயலிகளை நான் பயன்படுத்துவதில்லை, அந்த எழுத்து விரிசலை மறைக்கிறது. ஆனால் படங்களை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பாதீர்கள். படம் சுருங்கும், எடுத்த நேரம் முதலான உள்விவரமும் போய்விடும். டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்புங்கள், இல்லை மின்னஞ்சலில் போடுங்கள்.

படி 3: விரிசலை நிரூபிப்பது

துண்டானதற்கு நிரூபணம் தேவையில்லை. மயிரிழை விரிசல்தான் தொந்தரவு, படத்தில் தெரியாது. இந்தத் தட்டுகள் வினைல் அல்ல, அரக்கோடு கல்மாவு கலந்து அழுத்தியவை. ஆகவே பானை வாங்கும்போது செய்வதையே செய்யுங்கள்: நடுத்துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு விளிம்பில் மெல்லத் தட்டுங்கள். நல்லது கணீரென்று சொல்லும், விரிந்தது பொத்தென்று சொல்லும். பிறகு ஓடவிட்டு ஒரு நிமிஷம் வீடியோ எடுங்கள். விரிசல் விளிம்பிலிருந்து பாட்டுக்குள் வந்திருந்தால் சுற்றுக்கு ஒன்றாக நிமிஷத்துக்கு 78 தடவை 'டக்' கேட்கும். லேபிளும் தட்டு எண்ணும் தெரியும்படி தொடங்குங்கள். என் இரண்டு விரிசல் தட்டுகளும் இந்த வீடியோவால்தான் ஏற்கப்பட்டன.

பசை போட்டு ஒட்டாதீர்கள். துண்டுகளையும் பழைய பெட்டியிலேயே வையுங்கள். பணம் கொடுத்தபின் உடைந்ததைத் தங்களிடம் ஒப்படைக்கச் சொல்லவும் அவர்களுக்கு உரிமை இருக்கும்.

படி 4: யார் கேட்பது?

பெரும்பாலும் அனுப்பியவர்தான் தன் நாட்டில் தொடங்க வேண்டும். ஒப்பந்தம் அவரோடு, பணம் கட்டிய ரசீதும் அவரிடம். சி.என். 08 என்ற விசாரணைப் படிவத்தை அவர் அங்கே நிரப்புவார், அது இங்கே அஞ்சல்துறைக்கு வரும், இங்கிருந்து பதில் போகும். நம் வேலை, சேலத்தில் வாங்கிய அந்த ஓப்பன் டெலிவரித் தாளையும் படங்களையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக அவருக்கு அனுப்புவது. பினாங்கு ஐயாவுக்கு ஒன்றுக்கு மேல் கோப்பு வந்தால் குழப்பம். ஒன்று, இரண்டு என்று பக்க எண் போட்டு அனுப்பினேன், அச்செடுத்து அப்படியே கவுண்டரில் கொடுத்தார்.

விசாரணைக்குக் கெடு, தபாலில் சேர்த்த மறுநாளிலிருந்து ஆறு மாதம். கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. கஸ்டம்ஸில் ஒரு மாதம் கிடந்தால் அதுவும் இதில் கழியும். இன்சூர் எடுத்த சேவையின் சொந்தக் கெடு இன்னும் குறைவாக இருக்கலாம், ரசீதின் பின்பக்கத்தை அன்றே படிக்கச் சொல்லுங்கள்.

ஈபேயில் வாங்கியிருந்தால் பொருள் வந்த 30 நாளுக்குள் அங்கேயே புகார் செய்யலாம். பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள். அப்படி விற்றவரிடமிருந்து பணம் திரும்பிவிட்டால் இன்சூரன்ஸ் தொகை அவருக்குச் சேர வேண்டியது. இரண்டையும் வாங்கக் கூடாது. எனக்கு முதலில் விற்றவரோடு பேசுவதுதான் பிடிக்கும். அவர் ஒத்துழைக்காவிட்டால் இந்தக் கெடு முடியும்வரை காத்திருக்காதீர்கள்.

படி 5: விலைக் கணக்கு

மொத்தமாக "பன்னிரண்டு தட்டு, 1000 வெள்ளி" என்று ரசீது இருந்தால் ஏழு தட்டுக்கு எவ்வளவு என்று சண்டை வரும். ஒவ்வொன்றுக்கும் தனி விலை எழுதிய ரசீதை முன்கூட்டியே வாங்கியிருந்தேன். ஏழுக்கும் சேர்த்து 640 வெள்ளி வந்தது, அதையே கேட்டோம், அதையே கொடுத்தார்கள். "கிடைக்காத தட்டு", "தாத்தா ஞாபகம்" என்றெல்லாம் எழுதாதீர்கள், அதற்கு விலை கிடையாது. லேபிள், எண், நிலை, கொடுத்த விலை, இந்த நான்கும் போதும். ரசீது தொலைந்தவர்கள் அதே தட்டு டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டு விற்பனைத் தளத்தில் விற்ற விலையை இணைக்கலாம். கேட்கும் விலை அல்ல, விற்று முடிந்த விலை.

பிறகு பொறுமை. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஐயா அங்கே கேட்பார், நான் இங்கே கேட்பேன். விசாரணை எண் இல்லாமல் போனில் பேசிப் பயனில்லை.

பின்சேர்க்கை 1: ஏற்காட்டிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். கூரியர்காரர்கள் மலை ஏறாமல் சேலத்திலேயே வந்து வாங்கச் சொன்னார்களாம். வாங்கி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் பீங்கான் தட்டு உடைந்திருக்கிறது. உடைந்தது மலைப்பாதையில்தான் என்கிறார்கள். இப்படி வாங்க நேர்ந்தால் அந்தக் கவுண்டரிலேயே பிரித்துப் பாருங்கள். விடவில்லை என்றால் டெலிவரித் தாளில் "பிரித்துப் பார்க்கவில்லை, மூலை நசுங்கியுள்ளது" என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பின்சேர்க்கை 2: விமானத்தில் வரும் கூரியர் சரக்குக்கு மான்ட்ரியல் உடன்படிக்கை என்ற சர்வதேச விமானப் போக்குவரத்து ஒப்பந்தம் பொருந்தும், இந்தியா 2009-இல் சேர்ந்தது. சேதத்தைக் கையில் வாங்கிய 14 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், போனில் சொன்னது கணக்கில்லை. 2024 டிசம்பர் 28 முதல் பொறுப்பின் உச்சம் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். எடை குறைந்த தபால்தலை ஆல்பத்துக்கு இது ஒன்றுமே இல்லை, ஆகவே தனி இன்சூர் எடுங்கள். தாளில் மதிப்பு எழுதுவதும் இன்சூர் எடுப்பதும் வேறு வேறு. தொகை கட்டி, பாலிசி எண் கையில் வந்தால்தான் இன்சூர்.

பின்சேர்க்கை 3: பணம் விற்றவர் கைக்குப் போய்விட்டால் நமக்கு எப்படி வரும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பொருள் அனுப்பும் முன்பே, "இன்சூரன்ஸ் தொகை வந்தால் வாங்கியவருக்கு அனுப்புவேன்" என்று ஒரு வரி மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அனுப்பியவர் தன் உரிமையைப் பெறுபவருக்கு விட்டுக்கொடுக்கவும் அஞ்சல் விதியில் வழி இருக்கிறது, விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்லலாம். பினாங்கு ஐயா தொகை வந்த அன்று மாலையே அனுப்பிவிட்டார்.