மின்னஞ்சல் சேவையகத்தின் காத்திருப்பு நேரம்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட அலுவலகங்களுக்காக நான் பராமரிக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் (மின்னஞ்சல்களை வாங்கி அனுப்பும் மென்பொருள்) சேவையகத்துக்கு மாதக் கடைசிதான் சோதனைக் காலம். கிராணிகள் (தோட்ட எழுத்தர்கள்) செம்பனைக் குலைகளின் எடைச்சீட்டுகளை ஸ்கேன் செய்து ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். பிற்பகல் மழையில் லைன் தடுமாறும். கடிதம் பாதியில் நிற்கும். அப்போது காத்திருப்பு நேர எண்கள் எல்லாவற்றையும் கூட்டிவிடத் தோன்றும். அதற்கு முன் மெயில்.லாக் பதிவைப் படியுங்கள். ‘டைம்அவுட் ஆஃப்டர் டேட்டா’ என்றிருந்தால், அனுப்புபவர் பக்கம் மௌனமாகிவிட்டதால் நம் சேவையகமே துண்டித்திருக்கிறது. ‘லாஸ்ட் கனெக்‌ஷன்’ என்றிருந்தால் இணைப்பு வேறிடத்தில் அறுந்திருக்கிறது. காத்திருப்பைக் கூட்டிப் பயனில்லை.

வரும் கடிதங்களுக்கான காத்திருப்பு நேரமான ‘எஸ்எம்டிபிடி_டைம்அவுட்’ இயல்பில் 300 வினாடி. அது முழுக் கடிதத்துக்குமான கெடு அன்று. இடையில் விழும் ஒவ்வொரு மௌனத்துக்குமான கெடு. ஆகவே மெதுவாக வந்தாலும் நிற்காமல் வரும் கோப்பு அறுபடாது. ஆனால் ஒரே நேரத்தில் ஏற்கக்கூடிய இணைப்புகளுக்கான இடங்கள் அனைத்தும் நிரம்பிவிட்டால் அந்த 300 தானாகவே 10 ஆகச் சுருங்கிவிடும். மாதக் கடைசிச் சிக்கலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பதிவில், இயல்பு வரம்பான 100 எட்டப்பட்டது என்ற எச்சரிக்கை இருந்தால், நினைவகம் இடங்கொடுக்கும் அளவுக்கு மாஸ்டர்.சிஎஃப் என்னும் அமைப்புக் கோப்பில் அந்த வரம்பை உயர்த்துங்கள். நேரத்தை நிலையாக 300 என்று எழுதிவிட்டால், நெரிசலில் சேவையகம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அடைபடும்.

வெளியே போகும் கடிதங்களில், இணைப்புக்காகக் காத்திருக்கும் 30 வினாடியைக் குறைப்பதால் பெரிய கேடு இல்லை. கடிதம் முடிந்ததைக் குறிக்கும் தனிப் புள்ளியை அனுப்பியபின் காத்திருக்கும் 600 வினாடியை மட்டும் தொடவே கூடாது. மறுமுனை கடிதத்தை வாங்கி, வைரஸ் சோதித்து, சேமித்துக்கொண்டிருக்கும்போது பதிலுக்குக் காத்திராமல் நாம் துண்டித்தால், சேர்ந்துவிட்ட கடிதத்தையே மீண்டும் அனுப்புவோம். 1988-இல் வந்த இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 1047 இதைத்தான் விளக்குகிறது. 2008-இன் ஆர்எஃப்சி 5321 இதற்குப் பத்து நிமிடம் வகுத்திருக்கிறது. ஒருமுறை நான் அதை 60 ஆக்கியபோது, ஒரே சம்பளப் பட்டியல் ஒரு தோட்டத்துக்கு நான்கு முறை போனது. எது இறுதிப் பட்டியல் என்று கிராணியம்மா தொலைபேசியில் கேட்டார்.

மாற்றும் முன், போஸ்ட்கான்ஃப் கட்டளையால் இப்போதைய மதிப்பைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மெயின்.சிஎஃப் கோப்பில் ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றி, ‘போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட்’ கொடுங்கள். அடுத்த மாதக் கடைசியின் பதிவைப் பார்த்த பிறகே இரண்டாவது எண்ணில் கை வையுங்கள்.