யாழ்ப்பாண வளவில் ஹொலி: எது வரும், எது வராது

லண்டனில் இருக்கிற மச்சாள் தன் வாசலில் நிற்கும் ஹொலியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். மினுங்கும் முள் இலை, கொத்துக் கொத்தாய்ச் சிவப்புப் பழம், நத்தார் வாழ்த்து மட்டையில் பார்க்கிற அதே செடி. அதை இங்கே நடலாமா என்றால், வேண்டாம். அது குளிர் நாட்டுச் செடி, மண்ணும் கொஞ்சம் அமிலத்தன்மையாக இருந்தால்தான் நல்லது. எங்களுடையதோ சுண்ணாம்புக் கல்லுக்கு மேல் கிடக்கிற மண், கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்புதான். போதாததற்கு ஆண் செடி வேறு, பெண் செடி வேறு, பெண்ணில்தான் பழம்.

எங்கள் வெயிலுக்குத் தோதானது சிங்கப்பூர் ஹொலி. பெயரில் மட்டும்தான் ஹொலி. மல்பீஜியா கொக்சிஜெரா என்கிற இந்தச் செடிக்குப் பூர்வீகம் கரிபியன் தீவுகள். விரல் நகத்தளவு இலை, ஓரத்தில் முள், இளஞ்சிவப்பும் வெள்ளையுமாய்ச் சுருண்ட இதழோடு சின்னப் பூ. பெரும்பாலும் ஒரு மீற்றருக்குள் நின்றுவிடும் என்பதால் சாடியிலும் வைக்கலாம், முற்றத்து ஓரத்தில் குட்டை வேலியாகவும் விடலாம்.

கன்று கிடைத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் தெரிந்தவர் வீட்டில் ஒரு தடி கேளுங்கள். பச்சை மாறி மண்ணிறம் ஏறத் தொடங்கிய மெல்லிய தடியாக, நாலு அங்குல நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு, தும்புச்சோறும் ஆற்று மணலும் சரிபாதி கலந்த கலவையில் குத்துங்கள். அடி வெட்டிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றை மேலே கவிழ்த்து, மூடியை மட்டும் திறந்து, நிழலில் வையுங்கள். வேர் பிடிக்க ஒன்றிரண்டு மாதம்கூடச் செல்லும். நான் மூன்றாம் கிழமையே வேர் வந்ததா என்று இழுத்துப் பார்த்து இரண்டு தடியைக் கெடுத்தவன், நீங்கள் கை வைக்காதீர்கள். புதுத் துளிர் தெரிந்தால் சரி.

அப்புறம் சாடி. செம்மண் இரண்டு பங்கு, உக்கிய மாட்டெரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. அடியில் ஓட்டை கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், அதனால் சாடியை இரண்டு கல்லின்மேல் தூக்கி வையுங்கள். காலை வெயில் நன்றாக விழுகிற இடம் பாருங்கள். சித்திரை வெயிலில் மட்டும் சாடிச் செடிக்கு மத்தியான நிழல் நல்லது.

தண்ணீரில்தான் பலர் பிழை விடுகிறார்கள். கிணற்றுத் தண்ணீரை இலையில் தெளித்தால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாய்ச் சுண்ணாம்புப் பொட்டு நிற்கும், துடைத்தாலும் லேசில் போகாது. அடியில் மட்டும் ஊற்றுங்கள், மேல் மண் காய்ந்த பிறகு. நரம்பு பச்சையாகவே இருக்க இளம் இலை மஞ்சளானால் அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதை வேருக்கு எட்டவிடாது. எருவை அள்ளிக் கொட்டிப் பயனில்லை. மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள், கடையில் கீலேற்று இரும்பு (வேர் லேசில் எடுக்கக்கூடிய வகை இரும்புச் சத்து) கிடைத்தால் பொதியில் சொன்ன அளவுக்குக் கரைத்து விடுங்கள்.

கணுக்களில் வெள்ளை மாவு போலப் பூச்சி ஒட்டினால் பழைய பல் துலக்கும் தூரிகையில் சவர்க்காரத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துவிடுங்கள். கத்தரிப்பதைப் பூ ஓய்ந்த பிறகு செய்யுங்கள். வேலி நேராக நிற்க வேண்டும் என்று கிழமைக்கொரு தரம் கத்தரித்தால் மொட்டெல்லாம் குப்பைக்குத்தான் போகும்.