ஊர் வழக்கத்தை விதியா எழுதுறீங்களா? இந்தத் தப்பைப் பண்ணாதீங்க

பாசன சங்கம், கோயில் கமிட்டின்னு விதி எழுத உக்கார்ற புதுப் பசங்களைப் பாக்குறேன், நான் அன்னைக்குப் பண்ணின அதே தப்பைப் பண்றாங்க. எழுத்துப்பிழை, நம்பர் மாறிப்போறது எல்லாம் விடுங்க, யாராவது திருத்திருவாங்க.

விதிவிலக்கை விட்டுட்டு எழுதுறது

இதை நினைச்சா இன்னும் எரிச்சலா வருது. ஒரு கண்மாய்க்கு முறைப்பாசன விதி எழுதச் சொன்னாங்க. பெரியவங்க சொன்னது ஏக்கருக்கு ஒரு மணி நேரம், மேல்மடையில இருந்து வரிசையா. அப்படியே எழுதிட்டேன். மடைக்கல்லுல தண்ணி மூணாவது படிக்குக் கீழ இறங்கிட்டா வரிசை தலைகீழா மாறும், கடைமடைக்குத்தான் முதல் தண்ணின்றதை யாரும் சொல்லல, ஏன்னா அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், வயலுக்குத் தண்ணி பங்கிட்டு விடுற நீர்க்கட்டி பாத்துக்குவாரு. அந்தத் தை மாசம் தண்ணி இறங்குச்சு, மேல்மடைக்காரங்க என் பேப்பரை நீட்டினாங்க, நீர்க்கட்டியால ஒண்ணும் பேச முடியல. கடைமடையில பால் பிடிக்கிற நேரத்துல கதிர் பதராப் போச்சு.

வாய்வழக்கா இருந்தவரைக்கும் வளைஞ்சு கொடுத்தது, எழுதினதும் இறுகிப் போயிடுது. சட்டம் எழுதினவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கு. 1955 இந்து திருமணச் சட்டம் கல்யாணம் பண்ணக்கூடாத உறவுகளைப் பட்டியல் போட்டுச்சு, அதை மட்டும் வச்சுப் பாத்தா நம்ம பக்கம் தாய்மாமனைக் கட்டுறதும் மாமா பொண்ணைக் கட்டுறதும் செல்லாது. ஆனா 5வது பிரிவுலயே, ரெண்டு பேரோட வழக்கமும் அனுமதிச்சா தடையில்லைன்னு சேர்த்துட்டாங்க. அந்த ஒரு வரி இல்லன்னா எத்தனை குடும்பம் கோர்ட்டு வாசல்ல நின்னிருக்கும்!

இப்பல்லாம் எழுதினதை முதல்ல நீர்க்கட்டிகிட்டதான் வாசிச்சுக் காட்டுறேன். "எல்லாம் சரிதான் தம்பி, ஆனா..."ன்னு அவர் இழுக்குற இடத்துலதான் விதியோட மறுபாதி இருக்கும்.

பெரிய மனுஷங்களை மட்டும் கேக்குறது

யாழ்ப்பாணத்துத் தமிழர்களோட வழக்கச் சட்டமான தேசவழமையை டச்சுக்காரர் கிளாஸ் ஐசக்ஸ் தொகுத்து, 1707-ல 12 முதலியார்கள், அதாவது அந்தப் பட்டம் வாங்கின உள்ளூர்ப் பெரிய மனுஷங்க, சரிபாத்தாங்க. அடிமைகளைப் பத்தியும் அதுல ஒரு பகுதி இருக்கு, சரிபாத்த 12 பேர்ல ஒரு அடிமை கிடையாது. 1806-ல பிரிட்டிஷ்காரங்க அதுக்கே சட்ட பலம் கொடுத்தாங்க.

"செய்யலாம்", "செய்யணும்" குழப்பம்

ரெண்டும் ஒண்ணு இல்ல.

தேதி போடாம விடுறது

போடுங்க. என்னைக்கு இருந்து அமல்னு தெரியலைன்னா பழைய சண்டைக்கெல்லாம் புது விதியைத் தூக்கிட்டு வருவாங்க.