காற்றுக்கு ஆடிய உயரமானி

எங்கள் மாணவர் குழுவின் ஆளுயர ராக்கெட், தரையில் கிடக்கும்போதே காற்றடித்தால் உயரமானி எண் துள்ளியது. அந்த எண்ணை நம்பித்தான் பாராசூட் விரியும்! கருவி காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணிக்கிறது. அந்தக் காற்று உள்ளே வர ராக்கெட் குழாயிலோ ஒரே துளை. காற்று மோதும் பக்கம் அழுத்தம் கூடும், ஓரங்களில் குறையும். அந்தத் துளையை அடைத்துவிட்டு, எந்தப் பக்கம் காற்றடித்தாலும் கூடுதல் குறைச்சல் சமன்படும்படி, மூக்குக் கூம்பிலிருந்து தள்ளி, சுற்றிலும் 120 பாகை இடைவெளியில் மூன்று சம துளைகள் போட்டு, பிசிறு நிற்காமல் உப்புத்தாளால் தேய்த்தேன்.

சோதனைக்கு ஏற்காட்டு மலைப்பாதை இருக்கிறதே, சேலத்துக்காரர்களுக்கு அது ஒரு வரம். கருவிப் பகுதியை மட்டும் (வெடிமருந்து எதுவும் இல்லாமல்தான்) மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் எண் சீராக ஏறியது. மலைமேல் வீசிய காற்றுக்கும் அசையவில்லை.

2019இல் 100 கி.மீ. தாண்டியதாக அறிவித்த தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்களின் ராக்கெட் போன உயரத்துக்கு இந்த வித்தை உதவாது, அங்கே அளக்கக் காற்றே இல்லை. எங்களுக்கு ஒரு கிலோமீட்டர் போதும். அடுத்து, பாராசூட் அறையிலிருந்து கருவிப் பகுதிக்குள் வரும் கசிவை அடைக்க வேண்டும்.