அம்மாவின் விரலும் 84 என்ற எண்ணும்

2021 மே, பெங்களூரு அல்சூர். பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து படுக்கையிலிருந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த பெண், ஊரடங்கால் வர முடியாமல் நின்றுவிட்டார். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் என் தலையில். அந்த நேரம் பார்த்து, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர், கவலைப்படும் அளவுக்குக் குறைந்து 84 காட்டத் தொடங்கியது. மருத்துவமனையில் இடம் கிடைக்காத நாட்கள் அவை.

அம்மாவுக்கோ மூச்சிரைப்பு இல்லை, உதடு நீலம் பாரிக்கவில்லை. ரசம் சாதம் கேட்டார். பேட்டரி மாற்றினேன், அதே 84. பக்கத்து வீட்டுக் கருவியை இரவல் வாங்கினேன், 81. அளவைக் குழப்பக்கூடிய மருதாணி, நகப்பூச்சு எதுவும் விரலில் இல்லை. கோவிட் பரிசோதனையும் நெகட்டிவ். மூன்று நாள் தூக்கம் போனதுதான் மிச்சம்.

தொலைபேசியில் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "கருவி காட்டும் நாடித் துடிப்பும், நீங்கள் மணிக்கட்டில் எண்ணுவதும் ஒன்றா?" எண்ணினேன். கருவியில் 118, மணிக்கட்டில் 76. துடிப்பையே தவறாக எண்ணும் கருவி ஆக்சிஜனை மட்டும் சரியாகவா சொல்லும்?

கட்டிலின் வலப்பக்கம் நிற்பதுதான் எனக்கு வாகு. அதனால் தினமும் செயலிழந்த கையிலேயே மாட்டியிருக்கிறேன். அந்தக் கை எப்போதும் இறுகி மூடியிருக்கும், விரல்கள் சில்லிட்டிருக்கும். ரத்த ஓட்டம் குறைந்த விரலில் கருவி தடுமாறும். இடக்கையை வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, நடுவிரலில் மாட்டி, நெஞ்சு மட்டத்தில் வைத்து, எண் நிலைக்கும்வரை காத்திருந்தேன். 97. துடிப்பு 77.

கட்டிலுக்கு மேலே சுவரில் பென்சிலால் 'இடக்கை' என்று எழுதிவைத்தேன். அண்ணன் முறை வரும்போது அவரும் வலப்பக்கம்தான் நிற்பார்.